சிப்பி எப்படி வாய் திறக்கிறது?

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகில் கொற்கை என்னும் சிற்றூர் இருக்கிறது. சாயர்புரத்திலிருந்து அது அதிக தூரமில்லை. இன்று கடற்கரையை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் இவ்வூர்தான் ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழி நூலில் இத்துறையின் முத்துக் குளிப்பைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆறு கொண்டுவந்த மண் சேர்ந்து கடல் விலகிப் போயிற்று. கொற்கைக்குப் பின் காயல், காயலுக்குப் பின் தூத்துக்குடி என்று துறை இடம் மாறியது. ஆனால் சிப்பியைத் திறக்கும் முறை மட்டும் நூற்றாண்டுகள் கடந்தும் மாறவில்லை.

முத்துச் சிப்பிகள் கிடக்கும் கடலடிப் பாறைத் திட்டை இக்கரையில் 'பார்' என்பார்கள். கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சுமார் 15 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பார்கள் இருக்கின்றன. குளிப்பவர் கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்குவார். மூச்சை அடக்கிய அந்த ஒரு நிமிடத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். கரைக்கு வந்த சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், நாற்றம் சகிக்க முடியாது. சில நாள் கழித்து, அழுகிய சதையை நீரில் அலசி, அடியில் தங்கியதைச் சலித்து முத்தைப் பொறுக்குவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது.

ஏன் அழுக விட வேண்டும்? உயிருள்ள முத்துச் சிப்பி நம் விருப்பத்துக்குத் திறப்பதில்லை. விரலால் பிரிக்கப் பார்த்தால் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். கத்தியை நுழைத்து உள்ளிருக்கும் தசையை அறுத்தால் திறக்கும். ஆனால் சிப்பி செத்துப்போகும். ஆகவே, 'சிப்பி திறந்தது என்றால் செத்தது என்று பொருள்' என்பதே முத்துக் குளிப்பின் நியதியாக இருந்தது.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிப் பார்களில் நடந்த தொடர் குளிப்புக்குப் பிறகு, குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி கிடைக்கவில்லை. ஆனால் 1973ஆம் ஆண்டு ஜூலையில், தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள வேப்பலோடையில் வேறொரு செய்தி பிறந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும், உயிருள்ள சிப்பியைத் திறந்து, உள்ளே சிறு அறுவை செய்து, மீண்டும் கடலில் வாழவிட்டு, அதன் உடலுக்குள் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள்.

செத்தால்தான் திறக்கும் சிப்பியை உயிரோடு எப்படித் திறந்தார்கள்? விடை சிப்பியின் நரம்பில் இருக்கிறது. தலையே இல்லாத ஒரு பிராணிக்கு நரம்பு எங்கே இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்கு விடை காண உலகின் பல கரைகளில் பல ஆராய்ச்சியாளர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றை இங்கே பார்ப்போம்.

நரம்பில் ஓடுவது என்ன?

நரம்பு மண்டலத்தின் அடிப்படை நரம்புச் செல். அதன் உடலிலிருந்து பல சிறு கிளைகள் கிளம்புகின்றன. நீண்ட இழை ஒன்றும் கிளம்புகிறது. கிளைகள் செய்தியை வாங்குகின்றன. நீண்ட இழை செய்தியைக் கொண்டுபோய் இன்னொரு நரம்புச் செல்லிடமோ தசையிடமோ சுரப்பியிடமோ சேர்க்கிறது. இத்தாலியரான கால்வானி, தவளைக் காலின் நரம்பை மின்சாரம் தொட்டால் தசை துடிப்பதை 1791இல் உலகுக்கு அறிவித்தார். ஜி.யு. போப் சாயர்புரத்தில் கல்விப் பணி செய்துகொண்டிருந்த 1840-களில், பெர்லினில் டு புவா-ரேமோன் என்பவர் நரம்பிலேயே மின்சாரம் பிறக்கிறது என்பதை நுண்ணிய கருவிகளால் அளந்து காட்டினார். 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ், தவளை நரம்பில் செய்தி ஓடும் வேகம் வினாடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று கண்டார். எண்ணம்போல் விரைந்தது வேறில்லை என்று நம்பியிருந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. ஓடும் ரயிலின் வேகம்தான் அது!

நரம்புச் செய்தி அளக்கக்கூடிய ஒன்று என்பது தெளிவாயிற்று. ஆனால் தவளையின் நரம்புக்கட்டில் ஆயிரக்கணக்கான இழைகள் நெருங்கிக் கிடக்கின்றன. சிக்கலை அவிழ்க்க எளிய பிராணி வேண்டியிருந்தது. எளிய பிராணிகள் கடலில்தான் நிறைய இருக்கின்றன.

வலையும் வளையமும்

மன்னார் வளைகுடாவின் அடியில் ஏராளமாக வளரும் கடற்பஞ்சுக்கு நரம்புச் செல்லே கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு, நீரை உள்ளிழுத்து வடிகட்டி, வெளியே விட்டு அது வாழ்கிறது. தொட்டால் துளைகள் மெல்லச் சுருங்கும், அவ்வளவுதான்.

அடுத்த படி இழுதுமீன். வலையில் சிக்கினால் கையை அரிக்கச் செய்யும் இதைக் கடற்கரையில் 'சொறி' என்பார்கள். இதற்குத் தலையும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் குடைபோன்ற உடலெங்கும் நரம்புச் செல்கள் மீன்வலை போல் பின்னிக் கிடக்கின்றன. நம் குளங்களில் வாழும் ஹைட்ராவுக்கும் இத்தகைய நரம்பு வலைதான்.

1870-களில் ஜார்ஜ் ரோமானஸ் என்ற ஆங்கிலேயர் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இழுதுமீன்களை வைத்து எளிய சோதனைகள் செய்தார். குடையின் ஓரத்தை முழுவதும் வெட்டி நீக்கினார், துடிப்பு நின்றது. ஓரத்தில் உள்ள சிறு உணர்வுறுப்புகளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், துடிப்பு தொடர்ந்தது. பிறகு குடையைக் கத்தரியால் வளைத்து வளைத்து நாடாபோல் வெட்டினார். ஒரு நுனியில் தொட்டால் சுருக்கம் நாடாவின் வளைவுகள் வழியே மறு நுனிவரை ஓடியது. ஒரு பாதை அறுந்தால் செய்தி வேறு பாதையில் போகிறது என்பது இதிலிருந்து விளங்கியது. வலையின் பலம் அதுவே. அதன் குறையும் அதுவே: செய்தி எல்லாத் திசையிலும் பரவும், குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு மட்டும் கட்டளை அனுப்புவது கடினம்.

இதே இழுதுமீனை 1878 வாக்கில் நுண்ணோக்கியில் ஆராய்ந்த எட்வர்டு ஷேஃபர், நரம்பிழைகள் அடுத்தடுத்து நெருங்கிக் கிடந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிப் போகவில்லை என்று எழுதினார். அக்காலத்து அறிஞர் பலர் நரம்புகள் எல்லாம் ஒரே தொடர்ச்சியான பின்னல் என்று நம்பி வந்தனர். ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், 1888 முதல் பறவைகள், பாலூட்டிகளின் மூளையை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புச் செல்லும் தனித்தனி என்று நிலைநாட்டினார். அவருக்கும், அவர் பயன்படுத்திய சாய முறையைக் கண்ட கோல்ஜிக்கும் 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்திப்புக்கு 1897இல் ஷெரிங்டன் 'சினாப்ஸ்' என்று பெயரிட்டார். இந்தச் சிறு இடைவெளி பின்னால் நம் கதையில் மீண்டும் வரும்.

நட்சத்திர மீனில் நரம்பு இன்னும் ஒழுங்காகிறது. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம். அதிலிருந்து கை ஒன்றுக்கு ஒரு நரம்பு. மல்லாத்திப் போட்டால், ஐந்து கைகளும் ஒத்துழைத்து உடலைப் புரட்டிக்கொள்ளும். வளையத்தை அறுத்துவிட்டால், கைகள் தனித்தனியே அசையும், ஒத்துழைப்புப் போய்விடும். இங்கும் மூளை இல்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரக்கூடிய பிராணிக்கு முன், பின் ஏது?

தலை பிறந்த விதம்

ஒரே திசையில் முன்னோக்கிச் செல்லும் பிராணிக்கு நிலைமை வேறு. உணவும் ஆபத்தும் முதலில் எதிர்ப்படுவது உடலின் முன்நுனிக்குத்தான். ஆகவே கண், உணர்கொம்பு முதலிய உணர்வுறுப்புகள் முன்னால் கூடுகின்றன. அவை தரும் செய்திகளைச் சேர்த்துப் பார்க்க நரம்புச் செல்களும் அங்கே குவிகின்றன. அந்தக் குவியலே மூளை.

மண்புழுவையும் இறாலையும் அறுத்துப் பார்த்த மாணவர்கள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். உணவுக்குழலுக்கு மேலே மூளை. அதிலிருந்து குழலைச் சுற்றி ஒரு வளையம். கீழே வயிற்றுப்புறமாக உடல் நெடுக ஓடும் நரம்பு வடம். வடத்தில் கண்டத்துக்குக் கண்டம் ஒரு நரம்பு முடிச்சு. முடிச்சு என்பது நரம்புச் செல்களின் கூட்டம். அந்தந்தக் கண்டத்தின் வேலையை அந்தந்த முடிச்சு பார்த்துக்கொள்கிறது. மூளை பொதுவாக மேற்பார்வை செய்கிறது.

எளிமைக்கு ஓர் எல்லை காண விரும்பியவர் சிட்னி பிரென்னர். அவர் தேர்ந்தெடுத்தது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் உருளைப்புழு. அதன் உடலில் உள்ள நரம்புச் செல்கள் மொத்தம் 302. அவற்றின் இணைப்புகள் அத்தனையையும் காட்டும் வரைபடத்தை அவருடைய கூட்டாளிகள் 1986இல் வெளியிட்டார்கள். மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன.

நம்முடைய நரம்பு வடம் வயிற்றுப்புறத்தில் இல்லை, முதுகுப்புறத்தில் இருக்கிறது, குழல்போல் உள்ளே வெற்றிடமும் உடையது. முதுகெலும்புள்ள பிராணிகளின் அடையாளங்களில் இது ஒன்று. இதற்கு முன்னோடியான அமைப்பு ஒன்றை மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் மணலில் பார்க்கலாம். அங்கு வாழும் பலனோகிளாசஸ் என்ற ஏகோர்ன் புழுவின் நரம்புகள் பெரும்பாலும் தோலின் அடியில் வலைபோல் பரவியிருக்கின்றன. ஆனால் கழுத்துப்பட்டை போன்ற பகுதியில் மட்டும் முதுகுப்புற நரம்பு தோலை விட்டு உள்ளே இறங்கி வடமாகிறது. அந்தப் புழுவைக் காண்பதற்கென்றே பல தலைமுறை விலங்கியல் மாணவர்கள் குருசடைக்குப் போயிருக்கிறார்கள்.

தலையை இழந்த குடும்பம்

இப்போது சிப்பிக்கு வருவோம். சிப்பி, சங்கு, கணவாய் மூன்றும் மெல்லுடலிகள் என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் மூன்றும் மூன்று விதமாக வாழ்கின்றன. அதற்கேற்ப அவற்றின் நரம்பு மண்டலமும் மூன்று விதமாகப் பிரிந்து போயிருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பியை விஞ்ஞான முறையில் ஆராயும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேகம் பெற்றது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவரான எட்கர் தர்ஸ்டன், தூத்துக்குடியின் முத்து, சங்குக் குளிப்புகளைப் பற்றி 1890இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே வளைகுடாவின் இலங்கைக் கரையில் சிப்பிகள் அடிக்கடி அற்றுப்போவதன் காரணத்தை அறிய, லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் வந்தார். உதவியாளராக ஜேம்ஸ் ஹார்னெல் உடன் வந்தார். ஹெர்ட்மனின் அறிக்கையை 1903 முதல் 1906 வரை லண்டன் ராயல் சொசைட்டி ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. முத்துச் சிப்பியின் உடற்கூறு அதில் விரிவாக விளக்கப்பட்டது. ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறைக்கு வந்து, தூத்துக்குடிப் பார்களையும் சங்கையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

முத்துச் சிப்பியின் உடலில் மூன்று ஜோடி நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. வாயருகே ஒரு ஜோடி. காலின் அடியில் ஒரு ஜோடி. ஓட்டை மூடும் பெரிய தசையின் மேல் ஒரு ஜோடி. இவற்றை நரம்புக் கயிறுகள் இணைக்கின்றன. மூன்றில் மிகப் பெரியது தசையின் மேல் இருப்பதுதான். செவுள், தசை, ஓட்டின் உட்புறத்தை மூடியிருக்கும் மேலுறை ஆகியவற்றின் பொறுப்பு அதனுடையது. மேலுறையின் ஓரம் நெடுக ஒரு நரம்பும், வரிசையாக மெல்லிய உணர்இழைகளும் உள்ளன. அங்கேதான் சிப்பி வெளியுலகைச் சந்திக்கிறது. மீனின் நிழல் விழுந்தால் போதும், செய்தி தசைக்குப் போய் ஓடு சட்டென்று மூடிக்கொள்கிறது.

சிப்பி எப்போதும் இப்படி இருந்ததில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு நீரில் நீந்தித் திரியும். சில நாளில் அதற்குக் கண்புள்ளி தோன்றும், கால் முளைக்கும். இடம் தேடி ஊர்ந்து பாறையில் ஒட்டிக்கொண்ட பிறகு கண்புள்ளிக்கு வேலை இல்லை, அது மறைகிறது. ஆனால் பாறையைப் பற்றும் நூலைச் சுரப்பதற்குக் கால் வேண்டும். ஆகவே காலும் அதன் நரம்பு முடிச்சும் முத்துச் சிப்பியில் நிலைக்கின்றன. உணவுக்குப் பயன்படும் ஆளிச் சிப்பியோ தன் ஓட்டையே பாறையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது. வளர்ந்த ஆளிக்குக் கால் இல்லை. காலின் நரம்பு முடிச்சும் தேய்ந்து போகிறது. நரம்பு மண்டலம் ஓர் உயிர் நடத்தும் வாழ்க்கைக்கு ஏற்ப அமையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சங்கு நகர்ந்து திரியும் வேட்டைப் பிராணி. மணலுக்குள் வாழும் புழுக்களைத் தேடித் தின்னும். அதற்குத் தலை உண்டு, உணர்கொம்பு உண்டு, கண் உண்டு. நரம்பு முடிச்சுகள் உணவுக்குழலைச் சுற்றி நெருங்கிக் கூடியிருக்கின்றன. கணவாய் இன்னும் ஒரு படி மேலே. ஓட்டின் பாதுகாப்பைக் கைவிட்டு, வேகத்தையும் கண்ணையும் நம்பி வாழும் பிராணி அது. அதன் முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து பெரிய மூளையாகிவிட்டன. பேய்க் கணவாயின் நரம்புச் செல்கள் ஏறக்குறைய 50 கோடி. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் இருக்கின்றன; கைகளே பாதி சிந்தனையைச் செய்து முடிக்கின்றன எனலாம்.

கணவாய் கற்பித்த பாடம்

ஊசிக் கணவாய் ஆபத்து வந்தால், உடலுக்குள் உள்ள நீரைப் பீய்ச்சி அடித்துக்கொண்டு பின்னோக்கிப் பாயும். அதற்கு உடல்தசை முழுவதும் ஒரே நொடியில் சுருங்க வேண்டும். செய்தி வேகமாகப் போக வேண்டும். இழை தடிக்கத் தடிக்க வேகம் கூடும். ஆகவே கணவாயில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த நரம்பிழைகள் அமைந்திருக்கின்றன. நம் உடலின் தடித்த இழைகூட அதில் ஐம்பதில் ஒரு பங்குதான். நம் இழைகள் மெலிந்திருந்தும் விரைவாக இருப்பதற்குக் காரணம், மின்கம்பிக்கு ரப்பர் உறைபோல் அவற்றின் மேல் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை.

கணவாயின் இந்தப் பெரிய இழையை 1936இல் ஆராய்ச்சியாளர் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜே.இசட். யங். 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள்ளேயே மெல்லிய மின்முனையைச் செலுத்தினார்கள். நரம்பிழையின் உள்ளிருந்து செய்தியின் மின்னழுத்தம் அளக்கப்பட்டது அப்போதுதான். சில வாரங்களில் போர் மூண்டு வேலை நின்றது. போருக்குப் பின் தொடர்ந்து 1952இல் அவர்கள் முழு விளக்கம் தந்தார்கள்.

அதன் சாரம் இதுதான்: ஓய்வில் இருக்கும் இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின் தன்மை உடையது. செய்தி வரும்போது, சவ்வில் உள்ள வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, உட்புறம் நேர்மின்னாகிறது. அடுத்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. இந்த மாற்றம் அலைபோல் இழை நெடுக ஓடுகிறது. கணினி கிடைக்காததால் ஹக்ஸ்லி, கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் இந்த அலையின் வடிவத்தைப் பல நாள் கணக்கிட்டார். கணக்கும் கணவாயும் ஒத்துப்போயின. 1963இல் இருவருக்கும், சினாப்ஸ்களை ஆராய்ந்த எக்கிள்ஸுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நம் மூளையில் இந்த நொடி ஓடிக்கொண்டிருக்கும் செய்தியும் இதே முறையில்தான் ஓடுகிறது.

பாவ்லோவும் மட்டியும்

நரம்பில் செய்தி ஓடும் விதம் தெரிந்தது. ஆனால் சிப்பியின் தசை எப்படி மூடியபடியே மணிக்கணக்கில் களைக்காமல் இருக்கிறது? எப்படி விடுகிறது?

சிப்பியின் இரண்டு ஓடுகளையும் முதுகில் ஒரு மீள்தசைநார் இணைக்கிறது. அது வில்லைப்போல் ஓடுகளை எப்போதும் திறக்கவே பார்க்கும். உள்ளே உள்ள தசை அதற்கு எதிராக இழுத்து மூடுகிறது. ஆகவே சிப்பி திறக்க எந்த முயற்சியும் தேவையில்லை. தசை தன் பிடியை விட்டால் போதும். செத்த சிப்பி திறப்பதன் காரணமும் இதுவே.

இதை ஆராய்ந்தவர்களில் ஒருவரின் பெயர் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தது. மணியோசை கேட்டால் நாய்க்கு உமிழ்நீர் ஊறும் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், ஜெர்மனியில் பயிற்சி பெற்ற இளமைக் காலத்தில், 1885இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சிப்பி எப்படித் தன் ஓட்டைத் திறக்கிறது என்பதே அதன் பொருள். குளத்தில் வாழும் நன்னீர் மட்டியை வைத்து அவர் சோதித்தார். தசைக்கு இரண்டு வகை நரம்புகள் வருகின்றன என்று அவர் கண்டார்: ஒன்று 'பிடி' என்கிறது, மற்றொன்று 'விடு' என்கிறது. பிடிக்கச் சொல்லும் நரம்பு ஓய்ந்த பிறகும் தசை பிடித்தபடியே இருக்கும். விடச் சொல்லும் செய்தி வந்தால்தான் தளரும். கதவைச் சாத்தித் தாழிட்ட பின் கையெடுத்துவிடலாம் அல்லவா? அதுபோல் சிப்பி தன் தசையைத் தாழிட்டுவிடுகிறது. அதனால்தான் அது களைப்பதில்லை.

'விடு' என்ற செய்தியைச் சொல்வது எது? சினாப்ஸின் இடைவெளியைக் கடந்து செய்தியைச் சேர்ப்பது பெரும்பாலும் ஒரு வேதிப்பொருள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த பெட்டி ட்வாரோக், பாறையில் ஒட்டி வாழும் மசல் சிப்பியின் தசையை ஆராய்ந்தார். மலையாளக் கரையில் கல்லுமக்காய் என்று விற்கிறார்களே, அந்த இனம். அசிட்டைல்கோலின் என்ற பொருள் பட்டால் தசை இறுகித் தாழிட்டுக்கொண்டது. அதைத் தளர்த்தியது செரோட்டோனின். இது இரத்தத்திலிருந்து 1948இல் பிரித்தெடுக்கப்பட்டு, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருள் என்று மட்டும் அறியப்பட்டிருந்தது.

சிப்பியின் நரம்பில் செய்தி சொல்லும் பொருள் உயர்ந்த பிராணிகளின் மூளையிலும் இருக்க வேண்டும் என்று ட்வாரோக் கருதினார். கிளீவ்லாந்தில் இர்வின் பேஜின் ஆய்வுக்கூடத்தில் தேடினார். 1953இல் பாலூட்டிகளின் மூளையில் செரோட்டோனின் இருப்பதை இருவரும் அறிவித்தார்கள். மனச்சோர்வுக்கு இன்று மருத்துவர் தரும் மருந்துகளில் பல, மூளையில் செரோட்டோனினின் செயலைத் தொட்டு வேலை செய்பவை. அந்த மருந்துகளின் வரலாற்றுக்குள் ஒரு சிப்பி இருக்கிறது!

கதை அத்தோடு முடியவில்லை. மன்னார் வளைகுடாவிலும் வாழும் கடல் முயல் என்ற மெல்லுடலியின் இனத்தில் சுமார் 20,000 நரம்புச் செல்களே உள்ளன. சில கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அதிர்ச்சி கண்ட கடல் முயல் அடுத்தமுறை தொட்டாலே செவுளை வேகமாக உள்ளிழுத்துக்கொள்வதை எரிக் கேண்டல் ஆராய்ந்தார். அந்த 'நினைவு' சினாப்ஸில் பதிகிறது என்றும், பதியச் செய்வதில் செரோட்டோனினுக்குப் பங்கு உண்டு என்றும் கண்டார். அதற்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வேப்பலோடையில் நடந்தது

ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைவட்ட முத்தை விளைவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருண்டை முத்தும் அங்கே விளைந்தது. அதன் நுணுக்கங்களை ஜப்பானியர் வெளியாருக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே 1972இல் வேப்பலோடையில் வேலை தொடங்கியவர்கள் நம் கடல் சிப்பிக்கு ஏற்ற முறையைத் தாங்களே வகுக்க வேண்டியிருந்தது.

முத்து விளைய, சிப்பி ஓட்டைக் கடைந்து செய்த சிறு மணியையும், இன்னொரு சிப்பியின் மேலுறையிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் சேர்த்து, சிப்பியின் இனப்பெருக்கச் சுரப்பிக்குள் வைக்க வேண்டும். துண்டில் உள்ள செல்கள் மணியைச் சுற்றிப் பைபோல் வளர்ந்து, முத்துப் பொருளைப் படலம் படலமாகப் பூசும். துண்டு கொடுக்கும் சிப்பி இறந்துபோகும். ஆனால் அந்த ஒன்றிலிருந்து பல துண்டுகள் கிடைக்கும். மணியை ஏற்கும் சிப்பி மட்டும் கட்டாயம் உயிரோடிருக்க வேண்டும். அதோடு, அறுவையின்போது அசையாமலும் இருக்க வேண்டும். தசை இறுகிய நிலையில் ஓடுகளை வலிந்து விரித்தால் தசை கிழியும். பாதியில் சுருங்கினால் கத்தி தவறும். வைத்த மணியும் வெளியே தள்ளப்படும்.

இதற்குப் பயன்பட்டது மெந்தால். தலைவலித் தைலத்தில் நாம் முகரும் அதே பொருள்தான். சிப்பிகளை அடுக்கிய கடல்நீர்த் தொட்டியின் மேல் மெந்தால் படிகங்களைத் தூவுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிப்பி மயங்குகிறது. நிழல் விழுந்தாலும், மேலுறையின் ஓரத்தைத் தொட்டாலும் மூடுவதில்லை. தசை தன் பிடியை விட்டதும், முதுகிலுள்ள மீள்தசைநார் தன் இயல்பான வேலையைச் செய்து ஓட்டைத் திறக்கிறது. அறுவையாளர் காலின் அடியில் சிறு கீறலிட்டு, சுரப்பிக்குள் ஒரு பாதை அமைத்து, துண்டையும் மணியையும் சேர்த்து வைத்துவிடுகிறார். மணியின் அளவைப் பொறுத்து, சில மாதங்கள் முதல் ஒன்றரை ஆண்டு வரை சிப்பி கடலில் வளர்கிறது.

1981இல் தூத்துக்குடியில் முத்துச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே வளர்த்தெடுக்கும் முறையும் வெற்றி பெற்றது. இயற்கைப் பார்களை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை அதனால் மாறியது. முத்தை எடுக்கும்போது சிப்பி பெரும்பாலும் கொல்லப்படுகிறது என்பது உண்மைதான். ஆயினும் எதையும் வைத்திராத ஆயிரக்கணக்கான சிப்பிகளை அழுக வைத்துத் தேடுவதற்கும், ஒவ்வொரு சிப்பியிலும் ஒரு முத்தை எதிர்பார்த்து வளர்ப்பதற்கும் வேறுபாடு பெரிது.

எளிய நரம்பு மண்டலம், சிக்கலான நரம்பு மண்டலம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். எண்ணிக்கையிலும் இணைப்பிலும் அந்த வேறுபாடு மலைபோல் பெரியது. ஆனால் இழுதுமீன் முதல் மனிதன் வரை நரம்புச் செல் ஒன்றுதான். அதில் அயனிகளின் ஓட்டத்தால் மின்சாரம் பிறக்கும் விதமும் அடிப்படையில் ஒன்றுதான். கணவாயிடம் கற்றது நம் நரம்புக்குப் பொருந்தியது. சிப்பியிடம் கண்ட பொருள் நம் மூளையில் இருந்தது. தலையில்லாத சிப்பிக்கு மூன்று ஜோடி முடிச்சுகள் போதுமானவையாக இருப்பது குறையாகாது. அது வாழும் வாழ்க்கைக்கு அவ்வளவுதான் தேவை.

அறுவை முடிந்த சிப்பியைப் புதிய கடல்நீர் ஓடும் தொட்டியில் விடுகிறார்கள். மெந்தால் கழுவப்பட்டுப் போகப்போக நரம்புகள் விழிக்கின்றன. கையை மேலே நீட்டி நிழல் விழச் செய்து பார்ப்பார்கள். அசையாமல் திறந்தே கிடந்தால் கவலைதான். ஓடு சட்டென்று மூடிக்கொண்டால் சிப்பி பிழைத்துவிட்டது என்று பொருள்.